டிவி மேலே இரண்டு மெழுகுவத்தி

"ஒரு வீடியோ கேம் சாமானுக்கா என் மச்சினன் உங்களை அலையவிட்டான்? அது தேறாது, கிளம்புங்க" என்றார் வீட்டுக்காரர்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள அது ஓடியே ஆகணும்னு போன்ல அழுதாரே சார்."

மெக்கானிக் டிவி மேலிருந்த, கேமோடு வந்த நீளப் பட்டையைப் புரட்டினார். வயர் அறுந்திருந்தது.

"எலி" என்றார் வீட்டுக்காரர்.

"பிளேடு வச்சிருக்கிற எலி போலிருக்கு. பரவாயில்லை சார், இந்தப் பட்டையில ரெண்டு விளக்குதான். பார்க்கிற கேமரா கண்ணு ரிமோட்லதான் இருக்கு. ரெண்டு வெளிச்சம் தெரிஞ்சா, எங்கே காட்டுறோம்னு அதுவே கண்டுபிடிச்சிடும். மெழுகுவத்தியே போதும்."

பையிலிருந்து இரண்டை எடுத்துப் பட்டை இருந்த இடத்தில் ஏற்றினார். திரையில் எழுத்துப் பலகை விரிந்து, அம்புக்குறி துள்ளியது.

"ரிமோட் யார்கிட்ட சார் இருக்கு?"

வீட்டுக்காரர் மறைத்து நின்ற கட்டிலில், ரிமோட்டை நெற்றியில் கட்டியபடி ஒருத்தி கைகால் அசையாமல் கிடந்தாள்.

"என் சம்சாரம். மாடிப்படியில தவறி விழுந்துட்டா, பாவம். கைகாலும் போச்சு, பேச்சும் போச்சு. நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா என்னத்தச் சொல்லப் போறா?"

அவள் தலை லேசாக அசைய அசைய, அம்புக்குறி எழுத்தெழுத்தாய் நின்று நகர்ந்தது: 'தவறி விழலை. தள்ளினார்.'

வீட்டுக்காரர் பாய்ந்துபோய் மெழுகுவத்திகளை ஊதினார். அதற்குள் மெக்கானிக் படித்துவிட்டிருந்தார்.