துண்டுக்கு அடியில்

“பொம்பளை கையெல்லாம் நான் பிடிக்க மாட்டேன். தள்ளி நில்லு!” என்று ஏலக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

விடிந்தும் விடியாத நேரம். துறைமுகத்து மீன் சந்தைக்கு அன்றுதான் முதன்முதலாக வந்திருந்த சாப்பாட்டுக் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. வந்ததுமே சந்தையின் வழக்கத்தைக் கேட்டு வைத்திருந்தார். இங்கே யாரும் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் ஏலக்காரரின் கையைப் பிடித்து, விரலை அழுத்தித்தான் கேட்க வேண்டும். கூடுதலாகக் கேட்டவருக்குக் கூடை.

பெண்களுக்கு அந்தத் துண்டே கிடையாது. ஆண்கள் ஏலம் எடுத்துக் கழித்துப் போட்டதை, அவர்கள் வைத்த விலைக்கு வாங்கித் தெருத்தெருவாக விற்க வேண்டியதுதான்.

எதிரே நின்ற மீன்காரி காலிக் கூடையை ஈரத்தரையில் தொப்பென்று போட்டாள். “இங்க பாருங்க, கழிசலை வித்து வித்து, ‘நேத்து மீனா?’ன்னு தெருவே மூஞ்சியைச் சுளிக்குது. இன்னைக்கு இந்தச் சூரை மீன் எனக்கு வேணும். நானும் விலை கேப்பேன்!”

“அண்ணே, விட்டுடாதீங்க!” என்று ஒருவன் கூவ, “அண்ணே, கெட்டியா நில்லுங்க!” என்றான் இன்னொருவன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சந்தைக்கே அவர் அண்ணன். அவள் வாயில் மட்டும் மருந்துக்குக்கூட ஓர் ‘அண்ணே’ வரவில்லை. என்ன நெஞ்சழுத்தம் என்று கடைக்காரர் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். வாய் சும்மா இருக்கவில்லை.

“அந்தம்மா கேக்கறது நியாயந்தானே?”

ஏலக்காரர் முறைத்தார். “சந்தைக்குப் புதுசா? இத்தனை பேர் நடுவுல பொம்பளை கையைப் பிடிச்சா என் மானம் கப்பலேறிடும்!”

“ஏறட்டும். துறைமுகத்துல கப்பலுக்கா பஞ்சம்?” என்றாள் அவள்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் தோளிலிருந்த துண்டை உருவினாள். அவர் கையை வெடுக்கென்று இழுத்துப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள். ஏலக்காரருக்குக் காது வரை சிவந்துவிட்டது. கையை உருவிக்கொள்ளத் திமிறினார். அடிதடியில் போய் முடியுமோ என்று பதறிக் கடைக்காரர் குறுக்கே புகுந்தார்.

அவள் பிடியை விடவில்லை. துண்டுக்கு அடியில் விரல்களை அழுத்திக்கொண்டே, சந்தை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“கல்யாணத்துல ஊரறியப் பிடிச்ச கைதானே, இன்னைக்கு என்ன புதுசா வெட்கம்?”