சிப்புக்கு ஒரு ஏசி

"மாமியாரை வாட்ச்மேன் வேலைக்கு வெச்சிருக்கா பாரு, மகராசி!"

வசந்தா மனதுக்குள் பொருமினாள். பின்னே? அக்னி நட்சத்திர வெயிலில், மகள் தமிழ்மொழியையும் இழுத்துக்கொண்டு, சிங்கவரத்திலிருந்து பஸ் பிடித்து செஞ்சிக்கு வந்தால், கூடப்பிறந்த அக்கா கமலாம்பாள் வாசல்வரைகூட வரவில்லை. உள்ளறைக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, "சீக்கிரம் உள்ள வாங்கடி, சூடு ஏறிடப் போவுது!" என்று கத்தினாள்.

உள்ளே புத்தம்புது ஏசி. அதற்கு நேர் கீழே ஒரு முக்காலி. முக்காலியின் மேல் உள்ளங்கை அளவில் ஒரு பச்சை அட்டை. அதன் நடுவில் நகத்தளவு கறுப்புச் சிப்பு ஒன்று, ஓரத்தில் மணி காட்டுகிற குட்டித் திரை, அடியில் ஒரு பேட்டரி.

"இன்னாக்கா இது?"

"மதுமதி பெங்களூருலேர்ந்து கொண்டாந்து வெச்சிட்டுப் போச்சு. கம்பெனிப் பொருளாம். இந்தச் சிப்புக்குள்ள ஒரு துடிப்பு இருக்குதாம்டி. அதை வெச்சுத்தான் மணி ஓடுது. சூடு ஏறினா துடிப்பு தாறுமாறா ஆயி மணி தப்பிடுமாம். அதனால பகல் பூரா ஏசி போட்டு, கதவைச் சாத்திக்கினு, நான் கூடவே இருந்து பார்த்துக்கணும்."

மதுமதி, கமலாம்பாளின் மருமகள். பெங்களூரில் சிப்பு வடிவமைக்கிற இன்ஜினீயர். கை நிறையச் சம்பளம்.

"வேற யாரையும் நம்ப முடியாது அத்தை, நீங்கதான்னு சொல்லிட்டுது" என்றாள் கமலாம்பாள். குரலில் பெருமை வழிந்தது.

"சரி, அது கெடக்கட்டும். நீ கெளம்பு. மல்லாட்டைச் செடி புடுங்கிக் களத்துல குவிச்சிருக்குது. காய் ஆய ஒரு ஆளும் கெடைக்கல. நாலு நாள் கூட வந்து இரு." வசந்தாவின் நிலத்தில் வேர்க்கடலை அறுவடை.

"நான் எப்டிடீ வர்றது? இதை யாரு பார்த்துக்குவாங்க?"

வசந்தாவுக்கு வந்ததே கோபம். போன வருஷம் அக்கா மகன் எழிலன் ஏசி வாங்கித் தருகிறேன் என்றபோது, எனக்கெதுக்குடா அதெல்லாம் என்று அக்கா மறுத்தாள். அவன் அனுப்பிய ஏர்கூலரையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்றதும் புருஷனும் பெண்டாட்டியும் சரி என்று வாயை மூடிக்கொண்டார்கள். இப்போது சிப்புக்கு என்றதும் ஆளோடு வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்!

மகளை அங்கேயே உட்கார வைத்துவிட்டு, போனோடு கூடத்துக்கு வந்தாள். கூடம் வெந்துகொண்டிருந்தது. அதுவும் கோபத்துக்குத் தோதாக இருந்தது.

"ஏம்மா மதுமதி, உனக்கே இது நாயமா இருக்குதா? பெரியவளுக்கு இல்லாத ஏசி, ஒரு துண்டு சிப்புக்கா? அதுக்குக் காவல் வேற அவளா? ஊரு சிரிக்காது?"

"தப்புதான் சின்னத்தை" என்றாள் மதுமதி. "ஆனா அது ரொம்ப விலை. தயவுசெஞ்சு அத்தையைப் பகல்ல எங்கயும் கூட்டிட்டுப் போயிடாதீங்க. அவங்க பார்த்துக்கலைன்னா கெட்டுப்போயிடும்."

"நல்லா இரும்மா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள் வசந்தா.

திரும்பினால், தமிழ்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தாள். அவள் காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவள்.

"இன்னாடி இளிப்பு?"

"அந்தச் சிப்பு மேல இருக்கிற நம்பரைப் போன்ல தேடிப் பார்த்தேம்மா. அண்ணி கம்பெனி செய்யறதே இதைத்தான். எவ்ளோ சூடுன்னு அதுவே உள்ள பார்த்து, அதுக்குத் தக்கபடி துடிப்பைச் சரி பண்ணிக்கும். வெயிலோ குளிரோ, மணி தப்பாது. நம்ம ராஜகிரிக் கோட்டை உச்சியில, மத்தியானப் பாறையில வெச்சாலும் கரெக்டா ஓடும். அதுக்கு ஏசியே வேணாம்!"

"அப்போ ஏசி யாருக்குடி?"

கேட்டு முடிக்கும்முன்பே வசந்தாவுக்கு விளங்கிவிட்டது. போன வருஷம் இதே வெயிலில் அக்கா மயங்கி விழுந்தாள். பகலில் வெளியே தலைகாட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அவள் விழுந்தது வேறெங்கும் இல்லை, வசந்தாவின் களத்தில்தான், மல்லாட்டை ஆயும்போதுதான். இன்றைக்கும் அதே வேலைக்குத்தான் கூப்பிட வந்திருக்கிறாள். இதில் அந்தப் பெண்ணை வேறு வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாள். அவளும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொண்டாளே! வசந்தாவுக்கு அவமானமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

உள்ளே ஓடினாள். "அக்கா, உன் மருமக தங்கம்க்கா! அந்தச் சிப்புக்கு ஒண்ணும்..."

"மெதுவா பேசுடி" என்றாள் கமலாம்பாள். "எனக்குத் தெரியும். போன வாரம் ரூமைப் பெருக்கும்போது அதை எடுத்து மொட்டைமாடிப் படியில வெச்சேன். அப்டியே மறந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் வெயில்லயே காஞ்சு கெடந்துது. பதறிப்போயி எடுத்தாந்து போனோட வெச்சுப் பார்த்தா, மணி ஒரு துளி தப்பல."

வசந்தா வாயைப் பிளந்தாள். "தெரிஞ்சும் ஏன்க்கா மதுமதிகிட்ட சொல்லல?"

"வேணாம் வேணாம்னு எத்தினி வாட்டி அதுங்க மனசை நோவடிச்சிருக்கேன்? இந்த ஒரு பொய்யைக் கண்டுபிடிக்கவே அந்தப் புள்ள எவ்ளோ மண்டையை ஒடைச்சிக்கிச்சோ! நீ போயி ஒளறி வெக்காதே. இன்னொரு பொய்க்கு அது எங்கடி போவும், பாவம்!"