கிளி முழுங்கிய வார்த்தை

"உங்க கிளி என் பேச்சுல பாதியை முழுங்கிடுச்சு, மிஸ்டர் தர்மேந்திரா."

நாகலட்சுமி டீச்சர் இந்தக் குரலில் ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் ரெண்டடி பின்னால் நகர்ந்துகொள்வது நல்லது. வரதோலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கத் திருச்சியிலிருந்து பிஜிக்கு வந்தவர். தப்பான தமிழைக் கேட்டால் அவருக்குத் தலைவலி வந்துவிடும்.

தர்மேந்திரா நகரவில்லை. அவர் ட்ராசாவில் குழந்தைகள் பூங்கா நடத்துகிறவர். அங்கே ராட்டினத்தைவிடக் கூட்டம் சேர்வது மேடை நிகழ்ச்சிக்குத்தான். ஆடு டோலக் வாசிக்கும், கீரி பாடும், தவளை பின்பாட்டு. எல்லாம் மோட்டார் வைத்த பொம்மைகள். கடைசியில் கிளி தலையைச் சாய்த்து நாலு பாஷையில் விடைகொடுக்கும். அதில் தமிழ் மட்டும் டீச்சர் குரல். "போயிட்டு வாங்க" என்று அவரே மைக் முன்னால் உட்கார்ந்து பாசமாகப் பேசிக் கொடுத்தது.

அந்தப் பெருமையைக் காட்டத்தான் இன்று வகுப்புப் பிள்ளைகளை பஸ் வைத்து அழைத்து வந்திருந்தார்.

கிளி பிஜியன் பாஷையில் "மோதே" என்றது. "நமஸ்தே" என்றது. "பை பை" என்றது. அப்புறம் வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தமே இல்லை. பிறகு ஒரே வார்த்தை. "வாங்க."

கூப்பிட்டால் சும்மா இருப்பார்களா? பிள்ளைகள் திமுதிமுவென்று மேடையில் ஏறிவிட்டார்கள். ஒருத்தன் கீரியின் வாலைப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறான். டீச்சருக்கு மானமே போயிற்று.

"அரே, மெஷின் ஃபால்ட் டீச்சர்," என்றார் தர்மேந்திரா. "சிட்னிலேர்ந்து பார்ட் வரணும். கலாட்டா ஆனதுலேர்ந்து எவன் அனுப்புறான்?"

அந்த வருஷம் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். மே மாதம், இந்தியர் பிரதமராக இருப்பது பிடிக்காத ஆட்கள் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்ததிலிருந்து, வீட்டில் ரொட்டி கருகினால்கூட கலாட்டாதான் காரணம்.

"இங்கிலீஷுக்கு ஃபால்ட் இல்ல, ஹிந்திக்கு ஃபால்ட் இல்ல. தமிழ்னா மட்டும் மெஷினுக்கு இளக்காரமா?"

"அப்படி இல்ல டீச்சர்..."

"'போறேன்'னு நாங்க சொல்லமாட்டோம். 'போயிட்டு வரேன்'னுதான் சொல்லுவோம். அதுல பாதியைக் கடிச்சுத் துப்பினா என்ன அர்த்தம்? முழுசாப் போடுங்க. முடியலையா, என் குரலையே எடுத்துடுங்க."

தர்மேந்திராவின் முகம் சுருங்கிவிட்டது.

"எடுக்க வேணாம் டீச்சர். இந்தப் பார்க்குல தமிழ்னு இருக்கறதே அது ஒண்ணுதான். அடுத்த ஷோவுல பாருங்க, சரியா வரும்."

டீச்சரா ஏமாறுவார்? அடுத்த ஷோவுக்கு முன்வரிசையில் உட்காராமல், நேராக மேடைக்குப் பின்னால் போய்த் திரை ஓரமாக நின்றுகொண்டார்.

கிளி "பை பை" சொன்னது. தர்மேந்திரா சத்தம் வைக்கும் திருகைப் பிடித்து அடியோடு குறைத்தார். கிளி வெறும் வாயை அசைத்தது. சட்டென்று திருகை ஏற்றினார்.

"வாங்க."

டீச்சர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "ஆக, மெஷின் இல்ல. நீங்கதான்."

தர்மேந்திரா திரும்பிப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார். தலையைச் சொறிந்தார்.

"என் தமிழ்ல கத்திரி போட உங்களுக்கு யார் உரிமை குடுத்தாங்க?" டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகினார். "உங்களைச் சொல்லி என்ன? இந்த ஊர்ல எல்லாருமே இப்படித்தான். என் வகுப்புல காஜல்னு ஒரு பொண்ணு. என் சேலை முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே சுத்தும். போன மாசம் ஆக்லாந்துக்குக் கிளம்பற அன்னிக்கு நானே அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னேன். அது உள்ளேருந்து எட்டிக்கூடப் பாக்கல."

தர்மேந்திரா திருகிலிருந்து கையை எடுத்தார்.

"காஜல் இங்க வந்திச்சு டீச்சர்."

"இங்கயா? எப்போ?"

"பிளேன் ஏறுறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. நாட்டை விட்டுப் போறவங்க எல்லாம் புள்ளைங்களைக் கூட்டிட்டுக் கடைசியா ஒருதடவை இங்க வர்றாங்க. அதோட அப்பா ஷைலேந்திரா கடையை அடிச்சு நொறுக்கினாங்கல்ல? வெளியே கூட்டம் நின்னு, நாட்டை விட்டுப் போங்க, போங்கன்னு கத்தியிருக்கு. இந்தப் புள்ள கவுண்டருக்கு அடியில உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு."

டீச்சர் பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க வந்து நல்லாத்தான் சிரிச்சிச்சு. கீரி பாடினப்ப எழுந்து ஆடிச்சு. கிளி தமிழ்ல 'போயிட்டு வாங்க'ன்னதும் ஒரே அழுகை. எங்க புள்ளைங்களுக்குத் தமிழ் தோடா-தோடா, கொஞ்சம் கொஞ்சம்தானே டீச்சர். நீங்க முதல் பாடத்துல சொல்லிக்குடுத்த வா, போ. அதுதான் அதுக்குத் தெரியும். 'போ' காதுல விழுந்ததுக்கு அப்புறம் மிச்சத்தை அது கேக்கவே இல்ல."

"ஐயோ, அது அப்படி இல்லைன்னு நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். பேட்டா, இது வெறும் பொம்மை, கிளி ஏதோ உளறுது, அழாதேன்னு மடியில வெச்சுக்கிட்டுச் சொன்னேன்."

தர்மேந்திரா திருகைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

"'கிளி இல்ல அங்கிள், அது எங்க டீச்சர்'னு சொல்லிச்சு. 'எங்க டீச்சரும் எங்களைப் போகச் சொல்லிட்டாங்க'ன்னு."