ஜல்லிக்கு மேல் துணி

“துணி வேண்டாம் மேஸ்திரி. கெட்டியா பிளாஸ்டிக்கைப் போட்டு மூடிடுங்க” என்றாள் வீட்டுக்காரி. முகமெல்லாம் வியர்வை.

செப்டிக் டேங்க் தண்ணீர் மண்ணில் இறங்க, நான் வெட்டி ஜல்லி நிரப்பிய பள்ளம் அது.

“பிளாஸ்டிக் மூச்சு விடாதும்மா. தண்ணி தேங்கி வீட்டுக்குள்ளயே திரும்பும். இந்தத் துணி தண்ணியையும் காத்தையும் விடும், மண்ணை மட்டும் ஜல்லிக்குள்ள விடாது.”

“கையால கிழிக்க முடியுமா?”

“கத்தி வேணும். யாரு கிழிக்கப் போறா?”

வாசலையே பார்த்தாள். “சீக்கிரம் மூடுங்க. ஜல்லியைக் கிளறாதீங்க.”

சாப்பிடப் போகுமுன் சமமாகப் பரப்பிய ஜல்லி, இப்போது ஓரத்தில் மேடாக இருந்தது. எதைப் புதைத்தாள்? யாரை? போலீஸ், கோர்ட் என்று அலைய என்னால் ஆகாது.

அவள் உள்ளே போனதும், மேட்டை விலக்கினேன்.

ஒரு உருட்டுக்கட்டை. ஒரு இரும்புக் கம்பி. ஒரு பெல்ட், அதன் பித்தளைக் கொக்கியில் நீளமாய் ஒரு தலைமுடி.

நிமிர்ந்தேன். எதிரே நின்றாள். முழுக்கை ஜாக்கெட் விலகிய மணிக்கட்டில் பட்டையாய் நீலம் பாரித்த அடித்தடம்.

“அவர் கைக்கு எட்டுறது வீட்டுல இவ்வளவுதான் மேஸ்திரி” என்றாள்.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. அவள் முகம் வெளிறிப்போனது.

அவசரமாய்த் துணியை விரிக்கப் போனவன், நின்றேன்.

சுவரில் சாய்த்திருந்த என் கடப்பாரையையும் எடுத்துப் பள்ளத்தில் அவற்றோடு படுக்க வைத்தேன்.