ஏற்றாத பெட்டிகள்

அக்கரையில் நடந்த போருக்குப் போகவிருந்த பீரங்கிக் குண்டுப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று துறைமுகத் தொழிலாளி சூசைமாணிக்கமும் கூட்டாளிகளும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் அடித்தது. ஒரு வாரம் கழித்து வெளியூர் ஆட்கள் வந்து ஏற்றினார்கள். போரும் நிற்கவில்லை. "நீங்க உக்காந்து என்னத்தக் கண்டீங்க?" என்று ஊரில் பலரும் அவரைக் கேட்டார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு, அக்கரையிலிருந்து ஒரு பெண் தன் மகளோடு அவர் வீட்டைத் தேடி வந்தாள்.

"நீங்கள் மறிச்ச அந்த ஒரு கிழமையும் ஆமிக்காரரிட்ட ஷெல் குண்டு முடிஞ்சு போச்சு ஐயா. கப்பல் இங்க நிக்குதெண்டு ரேடியோவில சொன்னவை. அந்த இடைவெளியிலதான் நாங்கள் ஆத்தைக் கடந்தனாங்கள்."

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"நன்றி சொல்ல வேண்டாமே?"

அவருக்கு வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை. "ஆத்துல தண்ணி நெறையக் கெடந்துச்சாம்மா?"

"என்ர கழுத்துமட்டும். இவளைத் தலையில வச்சுக்கொண்டு நடந்தனான்."

தாயைவிட உயரமாக நின்ற அந்த மகளைச் சூசைமாணிக்கம் அண்ணாந்து பார்த்தார். பிறகு தாயின் இரண்டு கைகளையும் பிடித்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.