பதின்மூன்றாவது பின்னூட்டம்

பத்து வருஷமாகச் செத்துக்கிடந்த வலைப்பதிவர் வட்டத்துக்கு ஒரு நிறுவனம் உயிர் கொடுத்தது. பழைய ஆட்கள் வராத இடத்தில் மெஷினே பின்னூட்டம் போடும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் இளவழகன் தன் அப்பா இறந்ததைப் பற்றி அதில் எழுதினார். ஒரே நிமிஷத்தில் பன்னிரண்டு பின்னூட்டங்கள். அப்பா கடைசியாகக் கேட்ட இளநீரைக்கூட விடாமல் குறிப்பிட்டு, எல்லாமே உருகியிருந்தன.

“அத்தனையும் மெஷின்,” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

சாயந்தரம் பதின்மூன்றாவது வந்தது: “சூப்பர் பதிவு! வாழ்த்துகள். அப்படியே என் வலைப்பூவுக்கும் வந்துட்டுப் போங்க.”

“உங்க அப்பா செத்ததுக்கு வாழ்த்தா? எவன் அவன்?” என்று கத்தினேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“திட்டாதே ஜெயசுதா, இவன் மனுஷன். மெஷினா இருந்தா படிச்சிருக்கும்.”