கட்டைவிரல் நகத்தின் வரலாறு

தோல் டாக்டர், விளக்கு வைத்த லென்ஸை மாவட்டச் செயலாளரின் கால் கட்டைவிரல் நகத்தில் பதித்துப் பார்த்தார். "மஞ்சளோட விளிம்பு ரம்பப் பல்லாட்டம் இருக்கு. பூஞ்சைதான். எத்தனை நாளா?"

தொந்திக்கு அப்பால் நடப்பது செயலாளருக்குத் தெரியாமல் போய்ப் பல காலம் ஆயிற்று. கவுன்சிலர் சீட்டுக்காக ஏழு வருஷமாகத் தினமும் அந்தக் காலில் விழும் செல்லப்பாண்டி முந்திக்கொண்டான்.

"இடைத்தேர்தலப்போ நுனியில மட்டுந்தான் டாக்டரய்யா. அண்ணாச்சிக்குப் பதவி வந்த வருஷம் பாதிக்கு ஏறிட்டு. போன பொங்கலுக்குப் பக்கத்து விரலு."

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

செயலாளர் மெல்லத் திரும்பினார். "ஏலே, கால்ல விழுந்து இதத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தியா?"

வேட்பாளர் பட்டியல் மறுநாள் வெளிவர இருந்தது. பதறிப்போன செல்லப்பாண்டி காலில் விழக் குனிந்தான்.

செயலாளர் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.